மரியின் மகளிர்: ரீயூனியன் மண்ணில் பிறந்த கன்னியர் சபையும் நம்மவர்களும்

காரைக்காலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் பாட்டியின் தாயார் ரீயூனியன் தீவில் கரும்புத் தோட்டக் கூலிகளுக்குப் பிறந்து, அங்கே கன்னியர் மடத்தில் வளர்ந்தவர். அது க்ளூனி மடம் என்கிறார் அப்பா. இல்லை, மரியின் மகளிர் மடம் என்கிறார் அத்தை. இரண்டும் ஒன்றுதானா? இந்தக் கன்னியர் யார், என்ன செய்தார்கள், தமிழருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒன்றல்ல. இரண்டு தனித்தனிச் சபைகள். க்ளூனிச் சபை பிரான்சில் பிறந்து கப்பலேறி வந்தது. மரியின் மகளிர் சபை, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலேயே பிறந்தது. அது பிறந்த விதமே அன்றைய வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது. இந்தத் தீவில் குடியேறிய புதுச்சேரிக்காரன் நான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு க்ளூனி என்றால் தெரியும், மற்றதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் க்ளூனியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

க்ளூனி புனித சூசையப்பர் சபையைத் தொடங்கியவர் ஆன் மரி ஜவுவே. 1779-இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது தலைமறைவாக இருந்த குருக்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதும், சிறுவர்களைக் கூட்டி ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்ததும்தான் அவருடைய தொடக்கம். 1807-இல் உடன்பிறந்த சகோதரிகள் மூவரையும் வேறு சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்தார். சில ஆண்டுகளில் க்ளூனி நகரில் ஒரு பழைய மடம் கிடைத்தது. சபைக்கு அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவர் பாரிசில் நடத்திய ஒரு சிறு பள்ளிக்கூடம்தான் சபையைக் கடல் கடக்க வைத்தது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே பின்பற்றினார். அந்த முறை இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு வந்தது. இங்கிலாந்தில் அதைப் பரப்பிய இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்தியவர். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத்தான் அவர் தன் முறையை அமைத்தார். சட்டாம்பிள்ளை பாடம் சொல்லும் நம் திண்ணைப் பள்ளியின் ஒரு துளி இப்படி ஊர் சுற்றிப் பாரிசுக்கும் போயிருக்கிறது. இந்த முறை இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டுகளுடையது என்று ஜவுவேயைக் கண்டித்தவர்கள் உண்டு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பள்ளியைப் பார்த்து அசந்து போனவர்களில் ஒருவர் பிலிப் தெபசேன் தெ ரிஷ்மோன். அன்று பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவுக்கு நிர்வாக அதிகாரியாகப் போகவிருந்தவர் அவர். எங்கள் தீவுக்கும் கன்னியரை அனுப்புங்கள் என்று கேட்டார். 1817 ஜனவரியில் நான்கு கன்னியர் ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் கப்பலேறி, ஜூன் கடைசியில் தீவில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஆறு மாதக் கடல். க்ளூனிச் சபையின் முதல் அயல்நாட்டுப் பணித்தளம் இதுதான். ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர்கள் போனது இதற்குப் பிறகு.

தெபசேன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பின் தாயார் 'மதாம் தெபசேன்' என்று இன்றும் தீவில் கதை சொல்லப்படும் ஓம்ப்லின். 1846-இல் இறந்த அந்த அம்மாள் நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த பெருந்தோட்டக்காரி. வில்லேலில் இருக்கும் அவருடைய மாளிகை இப்போது அருங்காட்சியகம். பிலிப்பின் மகன் எழேன் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியின் ஆளுநர். அவர் ஆட்சியில்தான் 1827-இல் க்ளூனிக் கன்னியர் புதுச்சேரியில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டே ஏனாமிலிருந்து முதல் தெலுங்குக் கூலிகள் பூர்போன் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கன்னியர் இந்தியா வந்ததும், இந்தியக் கூலிகள் தீவுக்குப் போகத் தொடங்கியதும் ஒரே குடும்பத்தின் செல்வாக்கு வட்டத்தில், ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சுக் காலனி என்பது அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களின் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

தீவில் க்ளூனிக் கன்னியர் முதலில் நடத்தியவை பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் பெண்களுக்கான கட்டணப் பள்ளிகள். அந்த வருமானத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் நடந்தன. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். தீவின் தலைநகரான சேன் தெனியில் மாசற்ற கருவுற்றலின் பெயரால் இன்றும் நடக்கும் பெரிய பள்ளி அவர்கள் விட்டுச் சென்றது. ஜவுவேயை மட்டும் இந்தக் கட்டணப் பள்ளிகளை வைத்து எடை போடக் கூடாது. தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவின் மானா என்ற இடத்தில், கடத்தல் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கர்களை விடுதலை வாழ்க்கைக்குத் தயார் செய்யும் பொறுப்பை அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. 1838 மே 21 அன்று அவர்களில் 185 பேர் விடுதலைப் பத்திரம் பெற்றார்கள். பிரான்சு அடிமை முறையை ஒழிப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு இது. 1851-இல் இறந்த அவரை 1950-இல் திருச்சபை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தியது.

இனி மரியின் மகளிர்.

1840-களின் பூர்போன் தீவில் மறைபரப்புக் குருக்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே உரசல் முற்றியிருந்தது. லிபர்மன் என்ற குருவும் அவருடைய இளம் தோழர்களும் 'கறுப்பர்களுக்கான பணி' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். லிபர்மன் யூத ரப்பி ஒருவரின் மகன், பிறகு கத்தோலிக்கரானவர். மொரீஷியஸில் இன்றும் மதம் பார்க்காமல் எல்லோரும் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் லவால் சுவாமியும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்தான். அந்த வட்டத்தில் ஃபிரெதெரிக் லெவவாசர் என்பவர் மட்டும் பூர்போன் தீவிலேயே பிறந்தவர். அதுவும் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த பிள்ளை குருப்பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, அடிமைகளைத் தேடிப் போய் உபதேசம் சொல்ல ஆரம்பித்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? அவருக்கு முன்பே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த மொன்னே சுவாமியை 1847-இல் முதலாளிகள் கூச்சல் போட்டுத் தீவை விட்டே துரத்தினார்கள்.

1848 டிசம்பர் 20 அன்று அரசாங்க ஆணையர் சார்தா கரிகா விடுதலையை அறிவித்தார். ஏறக்குறைய 62,000 பேர் அன்று சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் தீவில் விடுமுறை, ஆட்டம் பாட்டம். அடுத்த நாள் காலையில் என்ன ஆனது என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. விடுதலை பெற்றவர்கள் யாரிடமாவது வேலை ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உழைக்க முடிந்தவனுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கிழவர், கிழவி, ஊனமுற்றவர், நோயாளி, தாய் தகப்பன் தெரியாத பிள்ளை ஆகியோருக்கு யார் ஒப்பந்தம் கொடுப்பார்கள்? நேற்று வரை சொத்து என்பதால் முதலாளி கஞ்சியாவது ஊற்றினான். இன்று அவனுக்கு அந்தக் கடமையும் இல்லை. தெருவுக்கு வந்த இந்தக் கூட்டத்துக்காகத்தான் சபை பிறந்தது.

1849-இல் சேன் தெனிக்குக் கிழக்கே ரிவியேர் தெ ப்ளுயி என்ற சிற்றூரில், லெவவாசரும் எமே பிஞோலே தெ ஃப்ரேன் என்ற பெண்மணியும் சேர்ந்து மரியின் மகளிர் சபையை நிறுவினார்கள். எமேயும் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண். துறவறப் பெயர் மரி மதலேன் தெ லா க்ருவா, அதாவது சிலுவையின் மரி மதலேனம்மாள். சபையில் சேர வந்தவர்களில் முதலாளி வீட்டுப் பெண்களும் இருந்தார்கள், கலப்பினப் பெண்களும் இருந்தார்கள், சில மாதங்களுக்கு முன்பு வரை அடிமைகளாக இருந்த பெண்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே ஜெபக்கூடம், ஒரே வார்த்தைப்பாடு.

இன்று படிக்கும்போது இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, நடுவே சுவர் கட்டி வைத்திருந்த காலம் அது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அந்தச் சண்டைகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நேற்றுத் தன் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளைச் 'சகோதரி' என்று அழைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னால் அந்தத் தீவில் அது என்ன அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று நாம் புரிந்துகொள்ள முடியும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கேலி செய்தன, முகம் சுளித்தன, தங்கள் பெண்களைத் தடுத்தன. எமே அசையவில்லை. 1889-இல் தம் 79-ஆவது வயதுவாக்கில் இறந்தார். லெவவாசர் பின்னாளில், லிபர்மனின் குழு போய் இணைந்த தூய ஆவி சபையின் உலகத் தலைவராகி 1882-இல் மறைந்தார்.

என்னைக் கேட்டால், இந்தச் சபையின் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் விட அந்தச் சாப்பாட்டு மேசைதான் அதன் பெரிய சாதனை. பள்ளிகள் எல்லாச் சபைகளும் கட்டின. இந்த மேசையைத் தீவில் வேறு யாரும் போடத் துணியவில்லை.

அவர்கள் செய்த வேலைகளில் பகட்டு ஒன்றுமில்லை. முதியோரையும் கைவிடப்பட்டவர்களையும் வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள், அநாதைப் பிள்ளைகள், கிராமத்துச் சிறு பள்ளிகள், ஞானோபதேசம், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது. இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியது தொழுநோயாளிகள் பணி. சேன் தெனி நகருக்கு மேலே லா மோந்தாஞ் என்ற மலைப்பகுதியில் சேன் பெர்னார் என்ற இடத்தில் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்தது. சொந்தக் குடும்பமே கிட்டே வராத மனிதர்களின் புண்களைத் தினமும் கழுவிக் கட்டியவர்கள் இந்தக் கன்னியர். இருபதாம் நூற்றாண்டில் அங்கே பங்குத்தந்தையாக இருந்து மூலிகை மருந்துகளை ஆராய்ந்த ரேம்போ சுவாமியின் புகழ் பெரிது. 1949-இல் இறந்த அவர் கல்லறையில் இன்றும் பூ வைக்கிறார்கள். அவருக்கு முன்பும் பின்பும் அந்த மலையில் வேலை பார்த்த கன்னியரின் பெயர்களை ஊரில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. கன்னியர் சபைகளின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. சுவாமியார்களுக்குச் சிலை இருக்கும், கன்னியருக்குக் கல்லறை வரிசை இருக்கும்.

சபை தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் இன்னொரு துணிச்சலான காரியம். 1860 டிசம்பரில், சேன் தெனி மறைமாவட்டத்தின் ஃபவா சுவாமி தலைமையில் ஒரு குழு கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸான்சிபார் தீவில் போய் இறங்கியது. ஆயர் மோப்வேன் அனுப்பிய அந்தக் குழுவில் மரியின் மகளிர் ஆறு பேர் இருந்தார்கள். ஸான்சிபார் அன்று இந்தியப் பெருங்கடலின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. சந்தையில் விலைக்கு வாங்கி மீட்ட சிறுமிகளை வளர்ப்பது, சிறு ஆஸ்பத்திரி நடத்துவது என்று வேலையைத் தொடங்கினார்கள். 1868-இல் தூய ஆவி சபையார் எதிர்க்கரையில் பகமோயோவில் மீட்கப்பட்டவர்களுக்கான குடியிருப்பை உண்டாக்கியபோது கன்னியரும் அங்கே போனார்கள். அடிமை முறையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ஒரு தீவு, தன் பெண்களைக் கொண்டே பக்கத்து அடிமைச் சந்தைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. மிஷன் என்றாலே ஐரோப்பாவிலிருந்து வருவது என்று பழகிப்போன நமக்கு இது புதிது. இதற்குப் பின் மொரீஷியஸிலும் மடகாஸ்கரிலும் சபை கால் ஊன்றியது. இன்றும் அங்கே அவர்களுடைய இல்லங்கள் இருக்கின்றன.

இப்போது தமிழர் கதைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி அதுதான்.

விடுதலைக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது வேகமெடுத்தது. முதலில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் வழியாக. 1860-61-இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஆனபின் ஆங்கிலேயப் பகுதிகளிலிருந்தும். கப்பலில் வந்தவர்களை லா க்ராந் ஷலூப் என்ற இடத்தில் தொற்றுநோய்க் கண்காணிப்புக்காக அடைத்து வைத்த கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கூலிகளை நடத்திய விதம் சரியில்லை என்று 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். தீவில் எங்களுக்கு 'மல்பார்' என்று பெயர்.

இந்தத் தமிழர்களுக்காக எந்தக் கன்னியர் சபையும் தொடங்கப்படவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழரை நாடிப் போனவர்கள் குருக்கள். மதுரை மிஷனில் தமிழ் படித்த சேசு சபைக் குருக்கள் தீவுக்கு வந்து கூலிகளிடையே தமிழிலேயே பிரசங்கம் செய்தார்கள். சேன் தெனியில் 'இந்தியர்களின் புனித தோமையார்' பெயரில் இருக்கும் சிறு கோயில் அந்த முயற்சியின் மிச்சம். கன்னியரிடம் தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்ததற்கு வேறு காரணங்கள்: தகப்பன் இறந்து போவது, தாய் நோயில் விழுவது, ஒப்பந்தம் முடிந்து ஒருவர் ஊர் திரும்ப மற்றவர் இங்கேயே தங்கிவிடுவது. கப்பலில் வந்தவர்களில் பெண்கள் குறைவு. தீவில் அமைந்த குடும்பங்கள் எளிதில் கலைந்து போயின. அப்படிக் கலைந்த குடும்பத்துப் பெண்பிள்ளைக்குக் கன்னியர் மடம் தவிரப் போக்கிடம் ஏது? உங்கள் கொள்ளுப்பாட்டியும் இந்த வழிகளில் ஒன்றில்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மடத்தில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தவை என்ன? சாப்பாடு, எழுத்தறிவு, தையல், துணி வெளுத்துப் பெட்டி போடும் வேலை, பிரெஞ்சு மொழி, ஜெபம். கிடைக்காதது தமிழ். இதில் க்ளூனிக்கும் மரியின் மகளிருக்கும் வித்தியாசமில்லை. தாய்மொழியில் பேசத் துணை இல்லாத பிள்ளை நாளடைவில் மொழியை மறந்துவிடும். இன்று தீவில் தமிழ் பேசத் தெரிந்த மல்பார் பெரியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் சேன் அந்த்ரே என்ற ஊரில் தமிழ் வகுப்பு வைத்தால் ஐம்பது வயதுக்காரர்கள் அகரம் எழுதப் பழகுகிறார்கள். இந்த இழப்புக்கு மடங்களும் ஒரு காரணம். தோட்டமும் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் அவற்றைவிடப் பெரிய காரணங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் கன்னியரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. "எங்கள் பாட்டிக்கு மரி என்று பெயர் வைத்துக் கிறிஸ்தவராக்கிவிட்டார்கள்" என்று பலர் வருத்தப்படுகிறார்கள். 1803-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் ஒன்று, பிறக்கும் பிள்ளைக்குப் புனிதர் நாள்காட்டியிலோ பழைய வரலாற்றிலோ உள்ள பெயரைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்தக் கட்டாயம் முழுமையாக நீங்கியது 1993-இல்தான். அதனால் வீட்டில் முத்தம்மாள், பதிவேட்டில் மரி என்று இரட்டைப் பெயர் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும் அப்படித்தான், பெறாதவர்களுக்கும் அப்படித்தான்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் பலர் அம்மன் கோயிலையும் விடவில்லை. காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு மாலையில் தீமிதிக்குப் போகும் குடும்பங்கள் இங்கே சர்வ சாதாரணம். சபை பிறந்த ரிவியேர் தெ ப்ளுயி ஊருக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பங்குக் கோயிலுக்குப் பக்கத்தில் கறுப்பு மாதாவின் கெபி, அதாவது குகை போன்ற சிற்றாலயம், இருக்கிறது. சின்ன மரச் சுரூபம். மாரியோ என்ற ஓடிப்போன அடிமையைத் துரத்தி வந்தவர்கள் கண்ணில் படாமல், காகிதப்பூச் செடி ஒரே இரவில் படர்ந்து மறைத்ததாகத் தல வரலாறு. சுற்றிலும் நன்றிக்கடன் பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. ஆகஸ்ட் 15 திருநாளில் கூட்டம் தாங்காது. நெற்றியில் குங்குமம் வைத்த அம்மாள் ஒருவர் தட்டில் வாழைப்பழமும் செவ்வந்தியும் கொண்டுவந்து வைப்பார். மெழுகுவர்த்தியை ஏற்றி, மாதாவுக்கு எதிரே மூன்று முறை சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்வார். பழத்தை அங்கேயே விட்டுவிடாமல் பாதியைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போவார். நம் வேளாங்கண்ணியில் பார்த்துப் பழகிய காட்சிதான் என்றாலும், தமிழ் தெரியாத ஒருவர் இத்தனை பிசகில்லாமல் இதைச் செய்வதைப் பார்க்க வியப்பாக இருக்கும்.

கன்னியர் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? பழைய காலத்தில் கண்டிப்பு இருந்தது. அம்மன் கோயிலுக்குப் போனதைப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொல்ல வேண்டிய பாவமாகவே கற்பித்தார்கள். 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அந்தக் கடுமை குறைந்தது. நான் பழகிய வயதான கன்னியர் சிலர் தைப்பூசக் காவடியைத் தெருவோரம் நின்று கையசைத்துப் பார்க்கிறவர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். மரியின் மகளிர் தொடங்கியதற்கு ஐந்தாண்டு முன்பு, 1844-இல், புதுச்சேரியில் துய்ப்புய் சுவாமி தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்களில் ஒருவர் அவர். பெண்பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் சொல்ல உள்ளூர்ப் பெண்களே வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊரில் இருந்துவிட்ட தமிழ்ப் பெண்ணுக்குத் தன் மொழி பேசும் கன்னியர் கிடைத்தார்கள். கப்பலேறியவளுக்குக் கிடைத்தவர்கள் பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரெயோல் பேசினார்கள்.

தீவில் கன்னியர் பள்ளிகளின் பொற்காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்தது. பிரான்சில் பொதுப் பள்ளிகளிலிருந்து துறவிகளை விலக்கும் சட்டங்கள் வந்தன. அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் 1905-ஆம் ஆண்டுச் சட்டம், 1911-இல் ஓர் ஆணை மூலம் ரீயூனியனுக்கும் நீட்டப்பட்டது. 1946-இல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆனபின் ஆஸ்பத்திரி, முதியோர் உதவி எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போயின. க்ளூனியார் தனியார் பள்ளிகளில் தொடர்ந்தார்கள். மரியின் மகளிர் ஏழைகளிடையே சின்னச் சின்ன வேலைகளோடு நின்றார்கள்.

உங்கள் அப்பா சொல்வது சரியா, அத்தை சொல்வது சரியா என்ற கேள்விக்கு என் ஊகம்: அத்தை பக்கம். கட்டணம் செலுத்திப் படித்ததாகவோ, பியானோ பழகியதாகவோ குடும்பத்தில் பேச்சிருந்தால் க்ளூனி என்று கொள்ளலாம். கூலிகளுக்குப் பிறந்து, மடத்திலேயே வளர்ந்து, தையல் வேலை செய்து மணமாகிப் போனவர் என்றால் மரியின் மகளிர் இல்லமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்பா க்ளூனி என்று சொல்வதற்குப் புதுச்சேரிப் பழக்கமே காரணமாக இருக்கலாம். ரொமேன் ரொலான் தெருவில் க்ளூனிக் கன்னியரின் பூத்தையல் கூடம் இருக்கும்போது, மடம் என்றால் எங்கள் பக்கத்தில் வாயில் வருவது அந்தப் பெயர்தான்.

ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை, தேடிப் பார்க்க வழி இருக்கிறது. பிரான்சின் எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், ரீயூனியனின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அங்கேயே உண்டு. பதிவில் தகப்பன் பெயருக்குப் பின் 'இந்தியன், இன்ன எண்ணில் பதிவானவன், இன்னாருடைய தோட்டத்தில் ஒப்பந்தத்தில் இருப்பவன்' என்று ஒரு வரி வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் சாவி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு சேன் தெனியில் சுதெல் ஃபுய்மா பெயரிலான மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்டால், குடியேற்றப் பதிவேடுகளில் தேட வழி காட்டுவார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முத்துசாமி ஒரு பக்கத்தில் மூத்தூசமி, அடுத்த பக்கத்தில் மூத்தாமி. குடும்பப் பெயரை விடாமல் எல்லா உச்சரிப்பிலும் தேடுங்கள். இரண்டாவது, தமிழ் முறைப்படி தாலி கட்டிய திருமணத்தை அரசாங்கப் பதிவில் ஏற்றாத குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகள் தாயின் பெயரில்தான் பதிவாகியிருப்பார்கள். தகப்பன் பெயர் இல்லை என்று அதிர்ச்சி அடைய வேண்டாம், தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். ஞானஸ்நானப் பதிவு தனியாகப் பங்குக் கோயிலிலோ மறைமாவட்டத்திலோ இருக்கும். அதில் ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் பெண்) என்ற இடத்தில் ஒரு கன்னியரின் துறவறப் பெயர் எழுதியிருந்தால், அது எந்தச் சபை என்பதை அந்தச் சபையின் தலைமை இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டாலே தெரிந்துவிடும். பிரெஞ்சில் எழுத உதவி வேண்டுமானால் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.